கடல் கடந்து வரும் காற்கூற்றுக் கல்வி

முன்னாளில் வணிகன் கடல் கடந்தான். இந்நாளில் வணிகத்தைக் கற்பிக்கும் வகுப்பே கடல் கடந்து வருகின்றது. ஆத்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் உள்ள பல்கலைக்கழகங்கள், மாணவனைத் தம் நாட்டிற்கு அழைத்துக்கொள்வதோடு நில்லாமல், தாமே கோலாலம்பூருக்கும் சிங்கைக்கும் ஆங்காங்குக்கும் வந்து, அங்கேயே பாடம் நடத்தி, அங்கேயே தேர்வு வைத்து, தம் பெயர் பொறித்த பட்டத்தை அங்கேயே வழங்குகின்றன. அப்பட்டங்களுள் வணிகவியலும் மேலாண்மையியலுமே முதலிடம் பெறுவன. அவ்வகுப்புகளில் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். நாளை சென்னையிலும் அமரவிருக்கின்றனர்.

இப்பிள்ளைகள் எவ்வாறு கற்க விரும்புகின்றனர் என்பதை அறிய ஆய்வாளர் பலர் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வினாப்படிவங்களை நீட்டி வருகின்றனர். அவருள் ஒரு சாரார் கண்ட முடிவு, அயல்நாட்டு ஆசிரியர் பலர் வாயில் இன்று வழக்குரையாகவே ஆகிவிட்டது: 'ஆசிய மாணவன் பேசான், வினவான், எழுதிக் கொடுத்ததை உருப்போடுவான், அஃது அவன் பண்பாட்டின் இயல்பு.' இம்முடிவு பிழையானது. பண்பாட்டின்மேல் சுமத்தப்பெற்ற இப்பழியின் பெரும்பகுதி, பயிற்றுமொழியின்மேல் சுமத்தப்பெற வேண்டியதாகும். நாவைக் கட்டிவிட்டு 'இவன் இயல்பிலேயே ஊமை' என்று சான்றிதழ் எழுதும் வேலை இது. இதனை உரிய சான்றுகளோடு எண்ணிப் பார்ப்பது தமிழுணர்வாளர் ஒவ்வொருவரின் கடமை.

வகுப்பு விலைப்பொருள் ஆன வரலாறு

கடல் கடந்து பட்டம் வழங்கும் வழக்கம் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே, தன் கல்லூரிகளில் வந்து அமராதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. 1921-இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் எழும்வரை இலண்டன் தேர்வுகளுக்கே மாணவரை அணியமாக்கியது. ஈழத்தமிழர் பலர் அவ்வழியே பட்டம் பெற்றனர். அது வல்லாட்சியின் கல்வி. ஆளுவோனுக்கு எழுத்தர் தேவைப்பட்டனர். ஆளப்பட்டோனுக்குப் பிழைப்புத் தேவைப்பட்டது.

இன்றைய வழக்கத்தின் வேர் வேறு. 1995-இல் உலக வணிக அமைப்பு தோன்றியபொழுது, பணிகளின் வணிகத்திற்கான பொது உடன்படிக்கையில் கல்வியும் வாங்கி விற்கப்படும் பணிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1987-இல், மெல்பேண் நகரத்து ஆர்.எம்.ஐ.டி. நிறுவனம் சிங்கை மேலாண்மைக் கழகத்தோடு கைகோத்து வணிகப் பட்டம் வழங்கத் தொடங்கியிருந்தது. மலேசியா 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் இயற்றியது. 1998-இல் மோனாசுப் பல்கலைக்கழகமும், 1999-இல் கர்ட்டின் பல்கலைக்கழகமும், 2000-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் அந்நாட்டில் கிளை விரித்தன.

ஈண்டு ஒன்றை நோக்குதல் வேண்டும். மலேசியா தன் நாட்டு மொழியாம் மலாயைப் பள்ளி தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை அரியணை ஏற்றிய நாடு. அந்நாடே, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பயிற்றுமொழி மலாயே என்று கூறிவிட்டு, அமைச்சரின் இசைவு பெற்றால் ஆங்கிலத்திலும் பயிற்றலாம் என்று ஒரு பக்கக் கதவையும் வைத்தது. முன்வாயிலில் துரத்தப்பட்ட ஆங்கிலம், பணப்பையோடு பக்கவாயிலில் நுழைந்தது. அரசின் ஆற்றல் முழுவதும் பின்னிற்கும் மலாய்க்கே இந்நிலை எனின், அரசு இல்லாத தமிழுக்கு எந்நிலை என்று கூற வேண்டுவதில்லை.

வணிகவியலே இக்கடைகளில் மிகுதியாக விற்கப்படுவதற்குக் கரணியம் உண்டு. மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் ஆய்வகம் வேண்டும், கருவி வேண்டும். வணிகவியலுக்கு ஓர் அறையும் ஒரு திரையும் ஓர் ஆசிரியரும் போதும். முதலீடு சிறிது; ஊதியம் பெரிது. ஊதியம் இல்லையெனில் கடை மூடப்படும் என்பதற்கும் சான்று உண்டு. நியூ சவுத்து வேல்சுப் பல்கலைக்கழகம் 2007-இல் சிங்கையில் கிளை திறந்து, கருதிய அளவு மாணவர் சேராமையால், அவ்வாண்டிலேயே மூடிவிட்டது. சேர்ந்திருந்த மாணவரின் கல்வியை அல்ல, கணக்கேட்டையே அது நோக்கியது.

அளவுகோலும் அளக்கப்படுவோனும்

இவ்வகுப்புகள் நடக்கும் முறையைக் காண்போம். பல திட்டங்களில் பேராசிரியர் வானூர்தியில் வந்து இறங்குவார். சில நாள்களில் ஒரு பருவத்தின் பாடத்தில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுப் பறந்து செல்வார். எஞ்சிய கிழமைகளை உள்ளூர்ப் பயிற்றுநர் நடத்துவார். மாணவனோ பகலில் அலுவலகத்தில் உழைத்து, மாலையில் வகுப்பில் அமர்பவன். பேராசிரியர் ஆர்வர்டு முறையைக் கையாள்வார். 1908-இல் தொடங்கப்பெற்ற ஆர்வர்டு வணிகப் பள்ளி வளர்த்தெடுத்த அம்முறை, ஒரு நிறுவனம் எதிர்கொண்ட உண்மைச் சிக்கலை மாணவர்முன் வைத்து, 'நீ அதன் தலைவனாயின் என் செய்வாய்?' என்று வினவிச் சொல்லாட விடுவது. அதனை நேர்வாய்வு என்போம். நல்ல முறைதான். ஆயின், பேராசிரியர் வினவுகின்றார். வகுப்பு வாய் திறவாது இருக்கின்றது. அவர் மீண்டும் வினவுகின்றார். இரண்டு பேர் மட்டும் விடை கூறுகின்றனர். எஞ்சியோர் 'குறிப்புத் தாள் கிடைக்குமா?' என்று மட்டும் கேட்கின்றனர்.

இவ்வமைதிக்கு விளக்கம் தேடியே அளவுகோல்கள் எடுக்கப்பட்டன. அமெரிக்கரான தேவிடு கோல்பு, கற்போரைப் பட்டறிவால் கற்போர், எண்ணி ஓர்ந்து கற்போர், கருத்தியலால் கற்போர், செய்து பார்த்துக் கற்போர் என்னும் சாய்வுகளால் பகுத்தார். அவர்தம் பெருநூல் 1984-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் அனியும் மம்போர்டும் 1982-இல் எண்பது கூற்றுகள் கொண்ட வினாப்படிவம் ஒன்றை ஆக்கி, செயலர், ஓர்வோர், கொள்கையர், நடைமுறையர் என நால்வகை வகுத்தனர். ஆலந்து அறிஞர் ஆப்சுதெடு, 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்னும் ஒரே நிறுவனத்தின் பணியாளரிடம் பல நாடுகளில் திரட்டிய, ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட வினாப்படிவங்களைக் கொண்டு 1980-இல் நூல் எழுதினார். மேலோன் கீழோன் இடைவெளியை மிகுதியும் ஏற்றுக்கொள்ளும் நாடுகளின் வரிசையில் அவர் மலேசியாவையே முதலில் வைத்தார். அப்பணியாளர் கூறிய விடையை, வேறு தலைமுறை மாணவனின் தலையில் கட்டி, 'இவன் ஆசிரியனுக்கு அஞ்சுவான். ஆதலின் பேசான்' என்று முடித்துவிட்டனர் பின்வந்தோர்.

இவ்வளவுகோல்களின் வலிமை எத்தகையது? 2008-இல் பாசுலர் முதலிய அமெரிக்க உளவியலார் நால்வர், கற்றல் பாங்குகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்தனர். மாணவன் விரும்பும் பாங்கிற்கு ஏற்பப் பாடம் நடத்தினால் அவன் கல்வி உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அவர்கள் முடிவு கூறினர். உருப்போடல் என்னும் பழியும் அவ்வாறே உதிர்ந்தது. ஆங்காங்கில் பணியாற்றிய வாட்கின்சும் பிக்சும் 1996-இல் தொகுத்து வெளியிட்ட நூல், சீன மாணவன் மீண்டும் மீண்டும் ஓதுவது பொருள் அறியாது ஒப்பிப்பதற்கன்று, ஓதுந்தோறும் பொருளை ஆழமாக உணர்வதற்கே என்று எடுத்துக்காட்டியது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு உருப்போடலாகத் தெரிந்தது, உள்ளே பொருளுணர்வாக இருந்தது.

இருவகை அமைதி

நாம் கருத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பேசாமை இருவகைப்படும். எண்ணிக்கொண்டிருப்பதால் பேசாதிருப்பது ஒன்று. சொல் கிடையாமையால் பேசாதிருப்பது மற்றொன்று. முன்னது அறிவின் அமைதி. பின்னது அடைபட்ட அமைதி. 1996-இல் வெளியான ஓராய்வு, ஆத்திரேலியா, ஆங்காங்கு, தைவான் என்னும் மூவிடத்துக் கணக்கியல் மாணவரைக் கோல்பின் அளவுகோலால் அளந்தது. ஆத்திரேலியர் செய்து பார்ப்பதில் சாய்ந்தனர்; சீன மாணவர் எண்ணி ஓர்வதில் சாய்ந்தனர். தைவான் மாணவர் தம் மொழியிலேயே கற்பவர். ஆதலின், எண்ணி ஓரும் சாய்வு பயிற்றுமொழியால் மட்டும் விளைந்தது என்று நாம் கூறவில்லை. பேசுமுன் எண்ணுவது ஒரு குறையும் அன்று, நிறையே ஆகும். ஆயின், எண்ணி முடித்த பின்னும் வாய் திறவாமை வேறு. எண்ணத்தைத் தன் மொழியில் திரட்டி, அதனை ஆங்கிலமாக்கி, இலக்கணப் பிழை உண்டா என்று சரிபார்த்து, எழுந்து நிற்பதற்குள் வகுப்பு அடுத்த பொருளுக்குப் போய்விடுகின்றது. இது பண்பாடு அன்று, இரட்டைச் சுமை.

மலேசியத் தமிழ் மாணவனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள்ளன. அவன் ஆறாண்டு தமிழில் கற்கின்றான். தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றும் இல்லாமையால், அதன்பின் மலாய்மொழிக்கு மாறுகின்றான். பின்னர் அயல்நாட்டுப் பட்டத்திற்காக ஆங்கிலத்திற்கு மாறுகின்றான். இருபது அகவைக்குள் மும்முறை நாற்று பிடுங்கி நடப்பட்டவன் அவன். நான்காவதாக ஒருவர் வந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட வினாப்படிவத்தை நீட்டி, 'நீ கலந்துரையாடலை விரும்புகின்றாயா, குறிப்பை விரும்புகின்றாயா?' என்று கேட்கின்றார். அவன் குறிப்பு என்று எழுதாமல் வேறென் எழுதுவான்? எழுதியதை இரவில் அகரமுதலியைப் புரட்டியாவது புரிந்துகொள்ளலாம். காற்றில் பறந்த பேச்சை எதனைக் கொண்டு பிடிப்பது? முடவனை நோக்கி 'நீ ஓட விரும்புகின்றாயா, உட்கார விரும்புகின்றாயா?' என்று கேட்டு, 'இவன் உட்காரும் இனத்தவன்' என்று எழுதிக்கொள்வது நயன்மையா?

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஆங்காங்கு 1998-இல், பெரும்பாலான இடைநிலைப்பள்ளிகள் தாய்மொழியிலேயே பயிற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. மார்சு என்னும் ஆத்திரேலிய அறிஞரும், ஆங்காங்கைச் சேர்ந்த ஆவ், காங்கு என்னும் இருவரும் 56 பள்ளிகளில் பன்னீராயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரைத் தொடர்ந்து ஆய்ந்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இடைநிலையில் ஆங்கில வழிக்கு மாறிய மாணவர், ஆங்கிலப் பாடத்தில் ஓரளவு முன்னேறினர்; ஆயின் வரலாற்றிலும் நிலநூலிலும் அறிவியலிலும் பெரும் பின்னடைவு உற்றனர். சொல்லால் விளக்க வேண்டிய பாடம் எதுவோ, அதிலேயே அடி விழுந்தது. வணிகவியலும் மேலாண்மையியலும் அத்தகைய சொல்வழிப் பாடங்களே அன்றோ? இத்துணைச் சான்று இருந்தும், பெற்றோரின் ஆங்கில வேட்கைக்கு ஈடுகொடுக்க மாட்டாமல், 2010-இல் ஆங்காங்கு அரசு தன் ஆணையைத் தளர்த்தியது என்பதையும் மறைப்பதற்கில்லை. சான்று ஒருபுறமும் சந்தை ஒருபுறமும் நின்றால், சந்தையே வெல்லும் காலம் இது.

நம் நூல் வகுத்த கணக்கு

கற்றலைப் பற்றி எண்ணியவர் மேலையர் மட்டும் அல்லர். பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் ஆக்கிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கன் எவ்வாறு கற்றல் வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கும் ஒரு கணக்கும் கூறுகின்றது. ஆசிரியன் உரைத்ததை முழுவதும் உள்வாங்கிக்கொண்டவனும் புலமையின் காற்கூற்றையே பெற்றவன் ஆவான். உடன்பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால் கிட்டும். தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவுற எடுத்துரைப்பதால் எஞ்சிய இருகாலும் நிறையும். வினவுதலையும், வினவியதற்கு விடை கூறுதலையும் மாணாக்கனின் கடமைகளுள்ளேயே அந்நூல் வைத்துள்ளது. 'ஆசியப் பண்பாடு மாணவனை வாய்மூடி இருக்கச் சொல்கின்றது' என்போர் இக்கணக்கை அறியார்.

இக்கணக்கைக் கொண்டு கடல்கடந்து வரும் பட்டத்தை அளந்து பாருங்கள். பேராசிரியர் உரைப்பதும், குறிப்புத் தாளில் வருவதும் முதற் காற்கூறு. அதனை அரைகுறை ஆங்கிலத்தாலும் பெற்றுவிடலாம், தேர்விலும் வென்றுவிடலாம். உடன்பயில்வோரோடு ஆராயும் கால், எடுத்துரைக்கும் அரை ஆகிய முக்காலும் நாவின் உரிமையைப் பொறுத்தவை. நாவிற்கு உரிமையான மொழி வகுப்பில் இல்லையெனின், முழுக் கட்டணம் கட்டியவன் காற்கூறு பெற்றுத் திரும்புகின்றான். எஞ்சிய முக்காலை அவன் விரும்பவில்லை என்று கணக்கெழுதிவிடுகின்றனர். விலை கொடுத்தவனுக்குச் சரக்கைக் குறைத்து நிறுத்துவிட்டு, 'அவனுக்குப் பசி இல்லை' என்று கூறும் வணிகம் எந்தச் சந்தையில் செல்லும்?

வாணிகம் தமிழுக்குப் புதிதா?

வணிகம் என்பதே சொல்லால் நடப்பது. விலை பேசுதல், நம்பிக்கை ஊட்டுதல், கடன் கேட்டல், கணக்குக் காட்டல் யாவும் பேச்சே. அதனைத் தமிழில் கற்பிக்க இயலாது என்போர், தமிழன் எம்மொழியில் ஆயிரமாண்டு வணிகம் செய்தான் என்பதற்கு விடை கூறட்டும். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் சுமத்திராவின் பாரூசுக் கரையில் கல்வெட்டுப் பொறித்தபொழுது தமிழிலேயே பொறித்தனர். சீனத்துக் குவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் தமிழும் சீனமும் அருகருகே நிற்கின்றன. அன்று கடல் கடந்தது நம் மொழி.

அண்மைக் காலத்திற்கே வருவோம். பருமாவிலும் மலாயாவிலும் சிங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், தம் பிள்ளைகளை மீசை அரும்பாப் பருவத்திலேயே பெட்டியடிப் பையன்களாகக் கிட்டங்கியில் அமர்த்தினர். பையன் பார்த்துக் கற்றான், கேட்டுக் கற்றான், கணக்கெழுதிக் கற்றான், அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் மேலாளாக அமர்ந்து, தனக்குக் கீழ் வந்த பையனுக்குக் கற்பித்தான். கோல்பின் நான்கு சாய்வுகளும் அக்கிட்டங்கியின் ஒரே பாயில் இருந்தன! அவ்வொழுங்கில் குலக்கட்டும் உண்டு, கடுமையும் உண்டு. அவற்றை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயின், கற்றல் முழுவதும் தமிழில் நடந்தது என்பதையும், அத்தமிழ்க் கணக்கு ஆங்கிலேயர் வங்கிகளின்முன் நின்று பேசியது என்பதையும் மறுப்பார் யார்?

அக்கணக்கேடுகளின் சொற்கள் இன்றும் உள்ளன: பேரேடு, பற்று, வரவு, கைம்முதல், கொள்முதல், விற்றுமுதல், ஐந்தொகை. ஆண்டிறுதியில் சொத்தும் கடனும் ஈடுகாட்டி எழுதும் கணக்கிற்கு ஐந்தொகை என்பது வழக்கு. ஈழத்துப் பள்ளிகள் அச்சொல்லைப் பாடநூலில் ஏற்றுப் போற்றுகின்றன. அங்கே உயர்தர வகுப்புவரை கணக்கீடு தமிழில் நடக்கின்றது. தமிழ்நாட்டுப் பாடநூலோ அச்சொல்லை விட்டு, 'இருப்புநிலைக் குறிப்பு' என்று ஆங்கிலத்தைப் பெயர்த்து வைத்துள்ளது. கடைத்தெருவில் உயிரோடு இருக்கும் சொல்லை அறியாமல், நூலகத்தில் அமர்ந்து புதுச்சொல் புனைவது நம்மவர் செய்யும் பிழை. மேல்நிலை வகுப்பில் வணிகவியலைத் தமிழில் கற்ற மாணவன், கல்லூரி வாயிலிலேயே அச்சொற்களை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கின்றது.

பிற நாட்டார் என் செய்தனர்? செருமானியர் 1898-இல் இலைப்சிக்கில் வணிகக் கல்லூரி தொடங்கித் தம் மொழியிலேயே வணிகவியலை வளர்த்தனர். சப்பானியர் 1875-இல் தொக்கியோவில் தொடங்கிய வணிகப் பள்ளியே இன்றைய இத்தொட்சுபாசிப் பல்கலைக்கழகம். சப்பானியர் தம் மொழியில் எண்ணி, தம் ஆலையில் பேசி, தம் தொழிலாளியோடு கூடி ஆராய்ந்து கண்ட முறைகளே கைசன், கன்பன் என்பன. அவற்றைச் சப்பானியச் சொல்லாலேயே இன்று அமெரிக்க வணிகப் பள்ளிகள் கற்பிக்கின்றன; அவையே கடல் கடந்து கோலாலம்பூர் வகுப்பிற்கும் வருகின்றன. தன் மொழியில் எண்ணியவன் ஆசிரியன் ஆனான். பிறர் மொழியில் எண்ண முயன்றவன் அவனுக்கு மாணவன் ஆனான்.

மாற்றார் கூற்றும் நம் விடையும்

'மலேசிய வகுப்பில் சீனன், மலாயன், தமிழன் மூவரும் உளர். ஆங்கிலமன்றி வேறு பொதுமொழி எது?' என்பர். முறையான வினா. பொதுவகுப்பு ஆங்கிலத்தில் நடக்கட்டும். ஆயின், வினாவை வைத்தபின் முதற் பத்து மணித்துளி, அவரவரும் தத்தம் மொழியினரோடு கூடித் தத்தம் மொழியில் எண்ணிப் பேசி, அதன்பின் அவையில் ஆங்கிலத்தில் உரைக்க விடுவதற்குத் தடை என்ன? செலவு ஒரு காசும் இல்லை. வேண்டுவது, மாணவனின் மொழி இழிவன்று என்னும் எண்ணம் ஒன்றே.

'சிங்கை ஆங்கிலத்தில் கற்பித்து உலகில் முதலிடம் பெறவில்லையா?' என்பர். பெற்றது. பதினைந்து அகவை மாணவர்க்கான 2022-ஆம் ஆண்டு அனைத்துலகத் தேர்வில் கணக்கு, படிப்பு, அறிவியல் மூன்றிலும் சிங்கையே முதல். ஆயின் அதன் விலை யாது? அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. இருந்தும் இறுதியாக நின்ற தமிழ்வழிப் பள்ளியாகிய உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. சீனவழி நன்யாங்குப் பல்கலைக்கழகம் 1980-இலேயே பிறிதொன்றோடு இணைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆங்கிலத்தையே வீட்டில் மிகுதியும் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர், தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பள்ளிமொழிக்கும் வீட்டுமொழிக்கும் இருந்த இடைவெளியைச் சிங்கை வீட்டுமொழியை மாற்றியே அடைத்தது. அந்த விலையை நாமும் கொடுக்க அணியமா என்பதே வினா.

'தமிழ்வழி வகுப்பிலும் மாணவன் வாய் திறப்பதில்லையே?' என்று கேட்போரும் உளர். அவர் கூறுவது உண்மை. தமிழ்நாட்டு வகுப்புகளில் ஆசிரியர் ஒருவரே பேசுவதும், வினவிய மாணவனை அமரச் சொல்வதும், தேர்வுக்கு உருப்போடுவதும் நடக்கத்தான் செய்கின்றன. தாய்மொழி இருந்தால் மட்டும் போதாது. வினவும் உரிமையும் வேண்டும். ஆயின், உரிமை கொடுத்தால் தமிழ்வழி மாணவன் அன்றே பேசுவான். நாவே இல்லாதவனுக்கு உரிமை கொடுத்து என்ன பயன்?

ஆங்கிலத்தை வெறுக்கச் சொல்லவில்லை. கடல் கடந்து விற்பவன் வாங்குவோன் மொழியைக் கற்றே ஆக வேண்டும். மொழியாகக் கற்பது வேறு. அதுவே எண்ணத்தின் வாயிலும் தாழும் ஆவது வேறு.

சென்னைக்கு வரும் கப்பல்

இது மலேசியத் தமிழர் துன்பம் மட்டும் என்று தாய்த்தமிழகம் வாளா இருத்தல் ஆகாது. இந்தியப் பல்கலைக்கழக நல்கைக் குழு 2023-இல் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே கிளை அமைப்பதற்கு விதி வகுத்தது. குசராத்தில் நிதித்துறைக்கெனத் தனியே அமைக்கப்பெற்ற நகரில் 2024-இல் ஆத்திரேலியக் கிளைகள் இரண்டு வகுப்பைத் தொடங்கின. 2025-இல் மேற்கு ஆத்திரேலியப் பல்கலைக்கழகம் மும்பையிலும் சென்னையிலும் கிளை திறக்க இசைவு மடல் பெற்றது. கோலாலம்பூரில் பல மொழியினர் கூடினர் என்னும் சாக்கு உண்டு. தமிழர் நிறைந்த சென்னை வகுப்பில் அச்சாக்கும் இராது. அங்கும் நம் பிள்ளை வாய்மூடி அமர்ந்திருந்தால், அவன் மண்ணிலேயே அவன் இயல்பிற்கு இழுக்கு எழுதப்படும்.

ஆதலின் நாம் செய்ய வேண்டுவன சில உண்டு. முதலாவது, வணிகம் பயிலும் தமிழ் மாணவர் எந்நகரில் இருப்பினும், கிழமைக்கு ஒருமுறை கூடி, அக்கிழமைப் பாடத்தை ஒருவர்க்கொருவர் தமிழில் எடுத்துரைக்கும் பயிலரங்கு அமைத்தல் வேண்டும். இதற்கு அரசின் இசைவு வேண்டா. பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டா. நன்னூலார் கூறிய முக்காற் கூறு அங்கே கிட்டும். இரண்டாவது, கடைத்தெருவிலும் பழைய கணக்கேடுகளிலும் உள்ள வணிகச் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். இருப்பதைத் தேடிய பின்னரே இல்லாததைப் புனைதல் வேண்டும். மூன்றாவது, திருப்பூர்ப் பின்னலாடை, சிவகாசித் தீப்பெட்டி, நாமக்கல் முட்டை, ஈரோட்டு மஞ்சள் ஆகிய தொழில்கள் எதிர்கொண்ட சிக்கல்களை நேர்வாய்வுகளாகத் தமிழில் எழுதுதல் வேண்டும். அமெரிக்கக் கடையின் சிக்கலைப் பற்றி வாய் திறவாதவன், தன் ஊர்ச் சாயப்பட்டறையின் சிக்கலைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவான். நான்காவது, தமிழகத்தில் கிளை திறக்க வரும் பல்கலைக்கழகம் எதுவாயினும், வகுப்பில் தமிழில் கலந்துரையாடவும் தமிழில் நேர்வாய்வு எழுதவும் வழி வைத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு வற்புறுத்துதல் வேண்டும். மாணவரின் கற்றல் விருப்பத்தை ஆராய்வோர், வினாப்படிவத்தைத் தமிழிலும் அச்சிடட்டும். அதன்பின் வரும் விடையை நாம் ஏற்போம்.

தமிழன்பர்களே! நம் பிள்ளை ஊமை அல்லன். அறிவு குறைந்தவனும் அல்லன். அவன் நாவை அவனிடம் திருப்பிக் கொடுங்கள். வரும் கிழமையிலேயே உங்கள் ஊரில் நான்கு மாணவரைக் கூட்டி ஒரு பயிலரங்கைத் தொடங்குங்கள். காற்கூற்றுக் கல்விக்கு முழு விலை கொடுத்து ஏமாந்தது போதும்; எஞ்சிய முக்காலையும் தமிழால் ஈட்டுவோம்!